பழைய நெல் அறுவடை மிஷின்: கோளாறு தெரிவது எங்கே, தேட வேண்டியது எங்கே

சம்பா அறுப்பு முடிந்து பங்குனி, சித்திரை வந்ததும் டெல்டாவில் பழைய மிஷின்கள் விலைக்கு வரத் தொடங்கும். வாங்குபவருக்கு அதில் ஒரு சிக்கல். அந்த நேரத்தில் ஓட்டிப் பார்க்கப் பெரும்பாலான ஊர்களில் வயலில் பயிர் இருக்காது. மேட்டில் நிறுத்தி, எஞ்சினை உறுமவிட்டு, "பார்த்தீங்களா, எப்படி இருக்கு" என்பார் புரோக்கர். எஞ்சின் சத்தம் நன்றாக இருப்பதால் மிஷின் நன்றாக இருக்கிறது என்று ஆகிவிடாது. கோடை நெல் நிற்கிற ஊராகப் பார்த்து, அரை ஏக்கராவது அறுக்கவைத்துப் பாருங்கள். அதற்கு ஒத்துக்கொள்ளாத ஓனரிடம் விலை பேசுவதே வீண்.

இங்கே எழுதுவது பெரும்பாலும் ரப்பர் டிராக் போட்ட மிஷினுக்கு. ஊரில் பெல்ட் மிஷின் என்கிறோமே, குபோட்டா டிசி-68ஜி, கிளாஸ் கிராப் டைகர் மாதிரியானவை. டயர் மிஷினுக்கும் கதிரடிக்கும் டிரம், சல்லடை, கத்தி பற்றிய பகுதிகள் அப்படியே பொருந்தும்.

முதலில் ரேஸைப் பாருங்கள்

என்ன கோளாறு என்றாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: அறுக்கும்போது எஞ்சின் முழு ரேஸில் ஓடுகிறதா? டிரம், காற்றாடி, சல்லடை, நெல்லை மேலே ஏற்றும் எலிவேட்டர் எல்லாமே ஒரே எஞ்சினில் இருந்து பெல்ட் வழியாகச் சுற்றுகின்றன. எஞ்சின் சுற்று பத்து சதவீதம் குறைந்தால் இவை எல்லாமும் பத்து சதவீதம் குறையும். டிரம்மில் கதிர் சரியாக அடிபடாது, காற்றாடி பதரைத் தள்ளாது, சல்லடையில் வைக்கோல் தேங்கும், நெல் டேங்க்கில் குப்பை ஏறும். பார்ப்பவருக்கு நாலு கோளாறு. உண்மையில் டிரைவர் டீசல் மிச்சம் பிடிக்கிறார்.

பயிர் கனமாக இருந்தால் நடையைக் குறைக்க வேண்டும், ரேஸைக் குறைக்கக் கூடாது. கையில் பிடிக்கிற டேக்கோமீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சுமை இல்லாமல் எஞ்சின் எத்தனை சுற்று, டிரம் புல்லி எத்தனை சுற்று என்று பார்த்து, கையேட்டில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். எஞ்சின் சரியாக இருந்து டிரம் மட்டும் குறைவாகச் சுற்றினால் பெல்ட் வழுக்குகிறது என்று பொருள்.

பெல்ட் தேய்ந்ததைக் கண்ணால் பார்த்தே சொல்லலாம். புதிய வி-பெல்ட்டின் மேல்பக்கம் புல்லி விளிம்புக்குச் சமமாகவோ சற்று மேலாகவோ நிற்கும். பள்ளத்துக்குள் இறங்கி உட்கார்ந்திருந்தால் பக்கவாட்டுச் சுவர் தேய்ந்துவிட்டது. பெல்ட்டைக் கழற்றிப் புல்லியின் அடிப்பள்ளத்தைப் பாருங்கள். அங்கே துரு இல்லாமல் வெள்ளி மாதிரி மின்னினால் பெல்ட் அடியில் உரசிக்கொண்டிருக்கிறது. எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கும். ஜோடியாக ஓடும் பெல்ட்டில் ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள், புதியது மொத்தச் சுமையையும் இழுத்து சீக்கிரம் அறுந்துவிடும்.

பின்னால் நெல் போகிறது

அதிகச் சண்டை வருவது இதில்தான். வாடகைக்கு ஓட்டும்போது நிலத்துக்காரர் பின்னாலேயே நடந்து வந்து வைக்கோலை உதறிப் பார்ப்பார். அவர் காட்டுகிற நெல் எப்படிப்பட்டது என்பதை முதலில் கவனியுங்கள்.

கதிரிலேயே ஒட்டிக்கொண்டு போனால் டிரம் சரியாக அடிக்கவில்லை. காலைப் பனி உலராமல் இறங்கியிருந்தால் முதலில் அதைச் சொல்லுங்கள். வெயில் ஏறியபின் அதே மிஷின் சுத்தமாக அடிக்கும். மதியத்திலும் அப்படியே போனால் டிரம் மூடியைத் திறந்து பல்லைப் பாருங்கள். சுற்றுகிற திசையில் முன்பக்கம் மழுங்கி, நுனி உருண்டிருக்கும். போல்ட் போட்ட பல்லாக இருந்தால் திருப்பிப் போட்டு மறுபக்கத்தையும் ஓட்டலாம். பல் மாற்றும்போது எதிர் எதிராக ஜோடியாக மாற்ற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் புதுப் பல் ஏறினால் எடை சமம் கெட்டு டிரம் அதிரும், கொஞ்ச நாளில் பேரிங் போகும். அடியில் இருக்கும் கம்பிச் சல்லடையின், அதாவது கான்கேவின், கம்பிகளும் தேய்ந்து மெலிந்திருக்கும். அதையும் கை விட்டுத் தடவிப் பாருங்கள்.

உதிர்ந்த மணியாக வைக்கோலோடு போனால் டிரம் அடித்துவிட்டது, பிரிக்க நேரம் போதவில்லை. நீளவாக்கு டிரம் உள்ள மிஷினில் மேல்மூடிக்கு உள்ளே சாய்வாகத் தகடுகள் இருக்கும். தாள் எவ்வளவு நேரம் உள்ளே சுற்ற வேண்டும் என்பது அவற்றின் சாய்வைப் பொறுத்தது. பழைய மிஷின்களில் இந்தத் தகடுகள் தேய்ந்து கத்தி மாதிரி ஆகியிருக்கும், அல்லது யாரோ வேகமாக அறுக்க வேண்டும் என்று முழுக்கத் திறந்து வைத்திருப்பார்கள். மூடிவைத்தால் நெல் மிஞ்சும், எஞ்சினுக்குச் சுமை கூடும். இரண்டுக்கும் நடுவில் பயிருக்குப் பயிர் மாற்றித்தான் ஓட்ட வேண்டும்.

பதரோடு சேர்ந்து சல்லடைக்குப் பின்னால் விழுந்தால் காற்று அதிகம், அல்லது சல்லடைக் கண் அடைத்திருக்கிறது. ஈரப் பயிரில் தூசும் இலைத் துண்டும் பசை மாதிரி ஒட்டிக் கண்ணை மூடிவிடும். அதைச் சுரண்டி எடுக்காமல் காற்றை மட்டும் குறைத்தால் நெல் நிற்கும், டேங்க்கில் குப்பை ஏறும். பிறகு கொள்முதல் நிலையத்தில் பிரச்சினை.

மூன்றும் இல்லாமல், முன்னாலேயே கொட்டுகிறது என்றால், பயிரைக் கத்திக்கு வளைத்துக் கொடுக்கும் ரீல்தான் காரணம். ரீலின் சுற்று வண்டி நடையைவிடச் சற்றே கூடுதலாக இருந்தால் போதும். வேகமாகச் சுற்றி கதிரை அடித்தால், நன்றாக முற்றிய நெல் கத்திக்கு வரும் முன்பே உதிர்ந்துவிடும்.

எவ்வளவு போகிறது என்பதை எண்ணிப் பார்த்துவிட்டால் பாதிச் சண்டை தீரும். அறுத்துக்கொண்டிருக்கும்போதே வண்டியை நிறுத்தி, ஒரு வண்டி நீளத்துக்குப் பின்னால் எடுக்கவும். நிற்கிற பயிருக்கு அடியில் கிடப்பது தானாக உதிர்ந்தது. பயிருக்கும் கத்திக்கும் இடையே, முன்பகுதி மட்டும் கடந்துபோன இடத்தில் அதற்கு மேல் கிடப்பது ரீல், கத்தி உதிர்த்தது. வைக்கோல் விழுந்த இடத்தில் இன்னும் கூடுதலாகக் கிடப்பது டிரம்மும் சல்லடையும் விட்டது. ஆயிரம் மணி 20 கிராம் எடையுள்ள நெல்லில், ஒரு சதுர மீட்டருக்கு 500 மணி விழுந்தால் 10 கிராம். ஏக்கருக்கு ஏறக்குறைய 40 கிலோ, அதாவது கொள்முதல் நிலையக் கணக்கில் ஒரு மூட்டை. ஒரு விஷயம்: வைக்கோல் அறுத்த அகலத்தில் பாதியில்தான் விழுகிறது என்றால், அங்கே கூடுதலாக எண்ணியதைப் பாதியாக்க வேண்டும். இல்லாவிட்டால் நஷ்டம் இரண்டு மடங்காகத் தெரியும், அதை வைத்தே வாடகையைக் குறைக்கச் சொல்வார்கள்.

அரிசி உடைகிறது

டேங்க்கில் இருந்து ஒரு கைப்பிடி எடுங்கள். நிற்கிற பயிரில் இருந்து சில கதிர்களைக் கையால் உருவி எடுங்கள். இரண்டிலும் நூறு நூறு மணியை உமி நீக்கி, உடைந்தது எத்தனை, குறுக்கே கீறல் விழுந்தது எத்தனை என்று பாருங்கள். கையால் உருவியதிலும் கீறல் நிறைய இருந்தால் மிஷினைக் குறை சொல்ல முடியாது. முற்றிக் காய்ந்த நெல் இரவுப் பனியில் நனைந்து பகலில் மறுபடி காயும்போது உமிக்குள்ளேயே அரிசி விரிசல் விடும். 20 சதவீதத்துக்குச் சற்று மேல் ஈரம் இருக்கும்போது அறுத்து, களத்தில் காயவைத்து, கொள்முதலுக்கான 17 சதவீதத்துக்குக் கொண்டுவருவதுதான் அரிசிக்கு நல்லது. வயலிலேயே காயட்டும் என்று விட்டால் ஆலையில் குருணைதான் மிஞ்சும்.

டேங்க் நெல்லில் மட்டும் உடைசல் என்றால் டிரம் சுற்று அதிகம், அல்லது கான்கேவ் இடைவெளி குறைவு. இரண்டையும் சரிசெய்த பிறகும் உடைந்தால், அடிபடாத கதிரைத் திரும்ப அடிக்கக் கொண்டுபோகும் ரிட்டர்ன் பாதையைத் திறந்து பாருங்கள். சல்லடை அடைத்திருந்தால், அடிபட்டுச் சுத்தமான நெல்லே ரிட்டர்னில் திரும்பத் திரும்ப அடிபட்டு நொறுங்கும். நெல் ஏற்றும் ஆகர் என்கிற திருகின் இலைத் தகடு பிளேடு மாதிரி மெலிந்து, குழாய்ச் சுவரோடு இடைவெளி விழுந்திருந்தாலும் நெல் நடுவில் சிக்கி உடையும். பழைய வண்டியில் இதை யாரும் பார்ப்பதில்லை.

கத்தி அறுக்காமல் இழுக்கிறது

அறுத்த தாள்கட்டையைப் பாருங்கள். வெட்டு மட்டமாக இருந்தால் சரி. நார் நாராகக் கிழிந்திருந்தால் பிளேடு மழுங்கிவிட்டது, அல்லது பிளேடுக்கும் அது உரசி ஓடும் விரல் மாதிரியான தகட்டுக்கும் நடுவில் இடைவெளி. வரிசையாக ஒரே இடத்தில் ஒரு கீற்று மட்டும் அறுபடாமல் நின்றால், அந்த இடத்து விரல் வளைந்திருக்கும் அல்லது பிளேடு உடைந்திருக்கும். வரப்பில் முட்டிய வண்டிகளில் இது சாதாரணம். கத்தியை ஓட்டும் ஆர்மில் கையை வைத்து ஆட்டிப் பாருங்கள் (எஞ்சினை நிறுத்திவிட்டுத்தான்). டக் டக் என்று ஆடினால் பால் ஜாயின்ட் போய்விட்டது. அப்படியே விட்டால் கத்திப் பட்டையே முறியும்.

சாய்ந்த பயிரில் இழுப்பதைக் கத்திக் கோளாறு என்று நினைக்க வேண்டாம். ரீலைத் தாழ்த்தி முன்னால் தள்ளி, பல்லைச் சாய்த்து, பயிர் சாய்ந்த திசைக்கு எதிராக இறங்குங்கள். நடை பாதியாகும். வேறு வழி இல்லை.

டிரம் அடைக்கிறது

எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்ட பிறகுதான் மூடியைத் திறக்க வேண்டும். சாவியைப் பக்கத்தில் நிற்கிறவரிடம் கொடுப்பதுகூட வேண்டாம்.

அடைப்பு ஒரே மாதிரி திரும்ப வந்தால் எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் டிரம்மில் தொடங்குவதில்லை. அறுத்த தாளை டிரம்முக்கு இழுத்துக் கொடுக்கும் ஃபீடர் செயின் தளர்ந்து, பட்டைகள் தேய்ந்து, தாளைச் சீராகக் கொடுக்காமல் கட்டுக் கட்டாக அள்ளிப் போடும். டிரம் ஒவ்வொரு கட்டுக்கும் 'கும் கும்' என்று முனகும். அந்த முனகலைக் கேட்டு மெக்கானிக் டிரம் பேரிங்கைக் கழற்றுவார். முதலில் செயினைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

எஞ்சின் சூடேறுகிறது

நெல் தூசிக்குள் ஓடும் வண்டி சூடேறினால் பத்தில் எட்டுக்குக் காரணம் ரேடியேட்டர் வலையும் அதற்குப் பின்னால் உள்ள ஃபின் என்கிற மெல்லிய தகடுகளும்தான். வலையைத் தட்டிவிட்டுச் சுத்தம் என்று நினைப்பார்கள். ஃபின்னுக்குள் புகுந்த தூசி எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து கெட்டியாகியிருக்கும். காற்றடிக்கும்போது உள்ளே இருந்து வெளியே அடிக்க வேண்டும். வெளியில் இருந்து அடித்தால் இன்னும் உள்ளே போகும். அழுத்தத் தண்ணீரைக் கிட்டத்தில் பிடித்தால் ஃபின்கள் மடங்கிவிடும்.

அதற்கப்புறம் ஃபேன் பெல்ட், பிறகு தெர்மோஸ்டாட். போர்த் தண்ணீரை ஊற்றியே ஓட்டிய ரேடியேட்டர் என்றால் உள்ளே உப்புப் படிந்திருக்கும். ரிசர்வ் டப்பாவில் எண்ணெய்ப் படலம் மிதந்தாலோ, மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்ததும் குமிழி தொடர்ந்து வந்தாலோ ஹெட் கேஸ்கெட் விவகாரம். இந்தச் சோதனையை எஞ்சின் ஆறியிருக்கும்போதுதான் செய்ய வேண்டும்.

மேனிஃபோல்ட், சைலன்சர் பக்கம் சேர்கிற வைக்கோல் தூசியை ஒவ்வொரு டீசல் நிரப்பலின்போதும் தட்டிவிடுங்கள். மிஷின் தீப்பிடிப்பது பெரும்பாலும் அங்கேதான்.

புகை

கருப்பு: சுமை அதிகம் அல்லது காற்று போதவில்லை. ஏர் ஃபில்டரைப் பாருங்கள், டர்போ குழாய்க் கிளிப்பைப் பாருங்கள். ஸ்டார்ட் செய்யும்போது வந்து மறையும் வெள்ளையைப் பெரிதாக எடுக்க வேண்டாம்; சூடான பிறகும் நின்றால் நாசில் அல்லது கம்ப்ரஷன். நீலம் என்றால் ஆயில் எரிகிறது.

வாங்கப் போகும்போது முன்கூட்டியே தகவல் சொல்லாமல் போய், எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக ஏற்கெனவே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். ஆறும்வரை டீ குடித்துவிட்டு வரலாம். நன்றாகச் சூடேறியபின் ஆயில் ஊற்றும் மூடியைத் தளர்த்தி வையுங்கள். லேசான ஆவி பழைய எஞ்சினில் வரும். மூடி துள்ளினால், புஸ் புஸ் என்று விட்டு விட்டு ஊதினால், லைனர் பிஸ்டன் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

ஓடிய மணி நேரத்தைக் காட்டும் மீட்டரை நம்ப வேண்டாம், மாற்றுவது எளிது. பெடல் ரப்பர், லீவர் கைப்பிடி, ஆகர் இலையின் கனம், ஃபீடர் பட்டையின் விளிம்பு ஆகியவற்றை யாரும் மாற்றியிருக்க மாட்டார்கள். மீட்டர் 900 மணி காட்டி, ஆகர் இலை காகிதமாக இருந்தால் எதை நம்புவது என்று உங்களுக்கே தெரியும்.

சூடானபின் வண்டி நகர மறுக்கிறது

காலையில் நன்றாக ஓடும், மதியம் சேற்றில் நின்றுவிடும் என்றால் எச்எஸ்டி மீது, அதாவது ஆயில் அழுத்தத்தால் வண்டியை நகர்த்தும் பம்ப்-மோட்டார் அமைப்பின் மீது கண் வையுங்கள். பம்ப்பும் மோட்டாரும் உள்ளே தேய்ந்திருந்தால், ஆயில் சூடாகி இளகியதும் உள்ளுக்குள்ளேயே கசிந்து இழுவை போய்விடும். அதற்கு முன் செலவில்லாத மூன்றைப் பாருங்கள்: ஆயில் அளவு, ஃபில்டர், எச்எஸ்டியை ஓட்டும் பெல்ட். ஆயில் பால் நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது.

வாங்கும்போது இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, ஒரு மணி நேரமாவது அறுக்கவைத்து, சூடு ஆறும் முன் லாரிப் பலகையில் ஏற்றச் சொல்வது. பாதியில் நின்று முனகினால் அந்த மிஷினை எந்த விலைக்கும் நான் வாங்க மாட்டேன். எஞ்சினை நம் ஊர் லேத்திலேயே கட்டிவிடலாம். எச்எஸ்டியை அப்படிக் கட்ட முடியாது.

டிராக் கழல்கிறது

திருப்பும்போது கழன்றால் முதலில் தளர்வு. வண்டியைக் கெட்டித் தரையில் ஜாக்கி வைத்துத் தூக்கி, சேற்றைக் கழுவிவிட்டு, தொங்கும் அளவைக் கையேட்டோடு ஒப்பிட்டு இறுக்குங்கள். அதிகம் இறுக்கினால் ரோலர் பேரிங் போகும். இறுக்கியபின்னும் கழன்றால் ஸ்பிராக்கெட் பல் கொக்கி மாதிரி வளைந்திருக்கும், அல்லது டிராக்குக்குள் இருக்கும் இரும்புக் கட்டை உடைந்திருக்கும். ரப்பர் வெடிப்பில் கம்பி தெரிகிறதா என்று முழுச் சுற்றையும் நகர்த்திப் பாருங்கள். கம்பிக்குள் சேற்றுத் தண்ணீர் இறங்கித் துருப்பிடித்தால், பட்டன் (தரையைப் பிடிக்கும் ரப்பர் மேடு) எவ்வளவு மிச்சம் இருந்தாலும் ஒரு நாள் நடுவயலில் அறுந்துவிடும். வெளிப் பட்டனை மட்டும் காட்டி "புது டிராக் மாதிரி" என்பார்கள்.

ஒரு மணி நேரம் ஓடியபின் ரோலர்களைத் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சுட்டால், அல்லது அதன் ஓரம் ஆயில் கோடு போட்டிருந்தால், சீல் போய்ச் சேறு உள்ளே போகிறது. டிரைவருக்கு ஒரு சொல்: வரப்பை நேராக ஏற வேண்டும், சாய்வாக ஏறக் கூடாது, சேற்றில் நின்ற இடத்தில் திருப்பக் கூடாது.

தூக்கிய முன்பகுதி தானாக இறங்குகிறது

சிலிண்டர் சீல் அல்லது வால்வு. செலவு பெரிதில்லை. ஆனால் அது இறங்கும் என்பதால் கத்தி மாற்றும்போது லாக் போடாமல், கட்டை வைக்காமல் யாரையும் அடியில் போகவிடாதீர்கள்.

போகம் முடிந்து நிறுத்தும்போது

தண்ணீர் ஊற்றிக் கழுவுவதற்கு முன், எஞ்சினை நிறுத்தி எலிவேட்டர், ஆகர் அடி மூடிகளைத் திறந்து வைத்து, பிறகு சில நிமிடம் காலியாக ஓட்டுங்கள். ஆட்களைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். எலிவேட்டர் அடியிலும் ஆகர் முனையிலும் தங்கும் ஒரு படி நெல் போதும், எலி குடும்பத்தோடு வந்துவிடும். குறுவைக்கு எடுக்கும்போது ஸ்டார்ட் ஆகாத வண்டிகளில் பல, வயரை எலி கடித்தவைதான். ஸ்டார்ட்டர் சத்தமே இல்லை என்றால், செல்ஃபைக் கழற்றும் முன் பேட்டரி முனை, ஃபியூஸ், லீவர் நியூட்ரல் சுவிட்ச் மூன்றையும் பாருங்கள்.

பெல்ட்களைத் தளர்த்திவிடுங்கள். டீசல் டேங்கை நிரப்பி வையுங்கள். காலி டேங்க்கில் உள்பக்கம் நீர் வேர்க்கும். கத்திக்குக் கழிவு ஆயில் பூசினால் போதும்.

காகிதம்

கடன் முடிந்திருந்தாலும் ஆர்சியில் வங்கி பெயர் இருந்தால் படிவம் 35-ம் வங்கியின் தடையில்லாச் சான்றும் வேண்டும். பெயர் மாற்ற படிவம் 29, 30. பஞ்சாப், கர்நாடகப் பதிவு என்றால் அங்கிருந்து படிவம் 28-ல் தடையில்லாச் சான்று வாங்கித் தரச் சொல்லுங்கள். "அப்புறம் அனுப்புகிறேன்" என்பதை ஏற்க வேண்டாம். மானியத்தில் வாங்கிய மிஷினா என்றும் கேளுங்கள், குறிப்பிட்ட காலத்துக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனை இருக்கலாம். சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் கிரீஸுக்கு அடியில் இருக்கும். துணியில் டீசல் தொட்டுத் துடைத்து, ஆர்சியோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட்ட பிறகு அட்வான்ஸ் கொடுங்கள்.